பக்கத்து வீட்டுச் சாட்சி

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை உன் ஃபிளாட் வாசலில் இறக்கிவிட்டபோது, கார்க் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாய். "அம்மா, அங்க கௌதம் வீட்ல ஒரு கன் இருக்கு. கல்யாணமாகி நான் அங்க போனப்புறமும் இருக்குமாம். அது என் ரைட், எங்க நாட்டுக் கான்ஸ்டிட்யூஷன்லயே இருக்குன்னு சொல்றான். உனக்கு என்ன தோணுது?" பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது. அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். புக்கெகோஹியில் நம் வீடு வந்து சேரும்வரை பதில் யோசித்தேன், கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒரு கதைதான். போனில் சொன்னால் பாதியில் உனக்கு இன்னொரு அழைப்பு வரும். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாய். மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

துப்பாக்கி பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். திருச்சியில் இருந்தவரை நான் பார்த்த ஒரே துப்பாக்கி, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் இருந்த இரட்டைக் குழல்தான். அது எப்போதாவது வெடிக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. இங்கே நியூசிலாந்துக்கு வந்து, மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, நகரத்தில் வீடு வாங்க முடியாமல் புக்கெகோஹிக்கு வந்த பிறகுதான், பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி இருப்பதே தெரிந்தது. அது ஞானராஜ் அங்கிளுடையது. உனக்கு அவர் மலேசியாக்காரர், கீரை கொடுப்பவர், சத்தமாகச் சிரிப்பவர், பேச்சோடு பேச்சாக 'லா' போடுபவர். ஈப்போவில் பிறந்தவர், மெத்தடிஸ்ட் சபைக்காரர், மனைவி எஸ்தர் அக்காவும் அவரும் சேர்ந்து லெட்டூஸும் பாக் சோய்க் கீரையும் பயிரிட்டார்கள் என்பதுவரை உனக்குத் தெரியும். முயல் சுடுவதற்கு அவர் ஒரு சின்ன ரைபிள் வைத்திருந்தார். மலேசியாவில் துப்பாக்கியைத் தொட்டாலே தூக்குவரை போகும், இங்கே நம்மை நம்பி லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தச் சிறிய அட்டையைக் காட்டிக் காட்டிச் சொல்வார். துப்பாக்கியை அவர் காட்டியதில்லை. சுவரோடு பதித்த இரும்புப் பெட்டிக்குள் பூட்டியே இருக்கும்.

நீ டனீடனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எஸ்தர் அக்கா இறந்துபோனார். செய்தி உனக்குச் சொன்னோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. ஒரு மாதம் போலக் கழித்து, சாயங்காலம் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அங்கிள் பின்வாசல் வழியாக வந்தார். வழக்கமாக "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே வருபவர், அன்று ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு சாவி.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"எந்தச் சாவி அண்ணா?"

"பெட்டிச் சாவி. நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. சாவியை வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டேன். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தோம். உங்கப்பா பென்ரோஸ் கிடங்கில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போய்க் கையோடு கூட்டி வருவார். அங்கிள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு சோற்றை அளைந்துகொண்டிருப்பார். பிறகு ஈப்போவிலிருந்து அவர் தங்கை வந்து தங்கினார். வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆள் கொஞ்சம் தெளிந்தார். ஒருநாள் அந்தத் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து சாவியைக் கேட்டார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரமே போலீஸ் வந்தது. அதற்குச் சாவி காரணமில்லை, அது அங்கிளையும் என்னையும் தவிர அந்தத் தங்கைக்கு மட்டுமே தெரியும். அங்கிள் தன் டாக்டரிடம், இனி இருந்து என்ன பயன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் வைத்திருப்பவர் அப்படிச் சொன்னால் போலீசுக்குத் தெரிவிப்பது டாக்டரின் பொறுப்பு. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாடியே லைசென்சை ரத்து செய்து கடிதம் வந்தது. துப்பாக்கி போனதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருந்த ஒரு சொற்றொடரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. 'ஃபிட் அண்ட் ப்ராப்பர் பர்சன்' என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பேச்சு. அவர் அது இல்லை என்று எழுதியிருந்தது. அதை அவர் மனதுக்குள் தமிழ்ப்படுத்திக்கொண்ட விதம்தான் வினை.

"நான் யோக்கியமான ஆளு இல்லன்னு எழுதிட்டாங்க தங்கச்சி. எங்கப்பா தோட்டத்துல வேல செஞ்சப்ப மொதலாளிகிட்டகூட இந்தப் பேச்சு வாங்கினதில்ல."

அப்படி அர்த்தமில்லை அண்ணா, துப்பாக்கி வைத்துக்கொள்ள ஏற்ற நிலையில் இப்போது இல்லை என்றுதான் அர்த்தம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் அது அலுவலகப் பேச்சு. தமிழில் யோக்கியமில்லை என்றால் மனிதனே இல்லை.

முழுதாகத் தேறி, தங்கையும் ஊர் திரும்பிய பிறகு, அந்த ரத்தை எதிர்த்து அவர் நீதிமன்றத்துக்குப் போனார். வக்கீல் வேண்டாம், நானே பேசுகிறேன் என்றார். எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலாந்துச் சட்டத்தைப் படித்துவிட்டு, வேலியோரம் நின்று எனக்கு விளக்கினார். முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையது, இன்னும் நியூசிலாந்தில் செல்லுபடியாகும் என்றார். நான் நம்பவில்லை. நூலகத்தில் போய்ப் பார்த்தேன், உண்மைதான். ராஜா தன் இஷ்டத்துக்கு ஆளக்கூடாது என்று அந்தக் காலத்தில் எழுதிவைத்தது. அதில் ஒரு வரி, புராட்டஸ்டன்ட் குடிமக்கள் தற்காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

"நான் மெத்தடிஸ்ட். அப்ப நான் புராட்டஸ்டன்ட்தான லா? ராணியம்மா சட்டமே சொல்லுது, எனக்கு உரிமை இருக்குன்னு."

அந்த நூலக மேஜையில்தான், பாப்பா, எனக்கு இதிலெல்லாம் ஒரு ஆர்வம் வந்தது. ஊரில் நான் படித்த பாடப்புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே அரசியல் சாசனத்தின் முகவுரை அச்சாகியிருக்கும். இந்த நாட்டில் சாசனம் என்று ஒரே புத்தகமாக எதுவுமே இல்லை. இங்கொரு சட்டம், அங்கொரு ஒப்பந்தம், நடுவில் வழக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்தோம், ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்து நட்டோம். எதன்மேல் சத்தியம் செய்தோம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கௌதமின் நாட்டில் துப்பாக்கி சாசனத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இங்கே அது ஓர் அனுமதி, கொடுக்கவும் செய்வார்கள், எடுக்கவும் செய்வார்கள். ஒரே பொருள் ஒரு கரையில் உரிமை, மறுகரையில் சலுகை. இது எப்படி என்று நான் அந்த வாரம் முழுக்கக் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டே யோசித்தேன்.

தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று அங்கிள் என்னைக் கேட்டார். சரி என்றேன். காலையில் ரயிலேறி நகரத்துக்குப் போனோம். அவர் சபைக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். நீதிமன்றம் நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. நீதிபதி ஒரு அம்மாள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். போலீஸ் தரப்பு வக்கீல் இளம் பெண். அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழாக்கித் தருகிறேன்.

அங்கிள் எழுந்து நின்று தன் புராட்டஸ்டன்ட் வாதத்தை வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கடைசிவரை கேட்டார், குறிப்பெடுத்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கள் சாட்சியாக வந்திருப்பவர் புராட்டஸ்டன்டா?"

"இல்லை, அவர் இந்து."

"அப்படியானால் நீங்கள் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா?"

அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. "அவருக்கும் இருக்க வேண்டும்" என்றார்.

"அந்தச் சட்டத்தில் அப்படி இல்லையே. எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"எனக்கு மட்டும் இருந்தால் அது நியாயமில்லை. அதனால் சொன்னேன்."

"நியாயம்தான். ஆனால் இப்போது நீங்கள் பழைய சட்டத்தை வாசிக்கவில்லை, புதிதாக ஒன்று எழுதுகிறீர்கள். அது நாடாளுமன்றத்தின் வேலை. என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது."

அந்த இளம் வக்கீல் எழுந்து, அதே பழைய வரியின் கடைசிச் சொற்களை வாசித்தார். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்று அது முடிகிறது. ஆகவே இன்றைய சட்டம் என்ன அனுமதிக்கிறதோ அதுதான் அளவு என்றார். கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு அந்த அளவு ஏன் இறுகியது என்பதை இந்த அறையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார். குரல் உயரவே இல்லை. எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியென்று பட்டது. ராஜாவைப் பார்த்துப் பயந்த மக்கள் எழுதிய வரி ஒன்று. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பயந்த மக்கள் எழுதிய வரி இன்னொன்று. பயம் மாறும்போது சட்டம் மாறுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உண்மையே சொல்வேன் என்று உறுதி சொல்லிவிட்டுக் கூண்டில் நின்றேன். அங்கிள் கேட்ட கேள்விகள் சுலபமானவை. அவர் குடிப்பாரா, கோபப்படுவாரா, யாரையாவது மிரட்டியிருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மனதாரச் சொன்னேன். பிறகு வக்கீல் எழுந்தார்.

"மனைவி இறந்த பிறகு, அவரையும் அந்தத் துப்பாக்கியையும் சேர்த்து நினைத்து உங்களுக்குக் கவலை வரும்படி, அவர் எப்போதாவது ஏதாவது சொன்னதுண்டா, செய்ததுண்டா?"

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் மேஜையிலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கு வேண்டியது அந்த அட்டை, யோக்கியமில்லை என்ற பேச்சை அழித்துவிட்டுத் திருப்பித் தரும் அட்டை. ஆனால் அன்று சாயங்காலம் துணிக்கொடிக்குக் கீழே நின்ற முகத்தையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை இல்லையென்று சொன்னால், அன்றைக்கு அவர் செய்ததை நானே இல்லாமல் ஆக்கியதாகும். சாவி விஷயத்தைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன், நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று அவர் சொன்னது உட்பட.

அந்த வக்கீல் பெண் மேலே கேட்காமல் உட்கார்ந்தார். நீதிபதிதான் கேட்டார்.

"உங்களிடம் துப்பாக்கி லைசென்ஸ் உண்டா?"

"இல்லை."

"லைசென்ஸ் இல்லாதவர் அந்தச் சாவியை வைத்திருக்கக் கூடாது. அது தெரியுமா?"

"அப்போது தெரியாது."

"தெரிந்திருந்தால்?"

"தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறேன் என்பது உறைத்தது. உங்கப்பா அன்று கூட வராதது நல்லதாய்ப் போயிற்று. நீதிபதி எதையோ எழுதிக்கொண்டு, நீங்கள் இறங்கலாம் என்றார்.

கடைசியாகப் பேச அங்கிளுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். கையில் நிறையப் பக்கங்கள் வைத்திருந்தார். ஒன்றையும் வாசிக்கவில்லை. "அவர் சொன்னது நடந்ததுதான், யுவர் ஆனர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பாதித் தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"டாக்டர்கிட்டகூட சாவி வெசயம் நான் சொல்லல."

"கேட்டாங்க அண்ணா. என்னால மறைக்க முடியல."

"தெரியும். ஒங்கள கூப்பிடுறப்பவே தெரியும் லா. கேட்டா சொல்லிருவீங்கன்னு."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னைப் பத்தித் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா இங்க?"

நீயும் நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம், உங்கப்பாவோடு நான் போடாத சண்டையில்லை. ஆனால் ஒருவரைக் கைவிட்டுவிட்டோமோ என்ற பயத்தோடு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒரு முழு ரயில் பயணம் வந்தது அன்றைக்குத்தான்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. லைசென்ஸ் ரத்து செய்யப்பட்ட நேரத்தில் அது சரியான முடிவுதான் என்று நீதிபதி எழுதியிருந்தார். பழைய இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றி, வக்கீல் சொன்னதை ஒட்டியே ஒரு பத்தி. சாவியைப் பற்றியும் ஒரு பத்தி. அது விதிமீறல், அதோடு அந்த மனிதருக்கு நற்பெயர் சேர்க்கும் செயல், இரண்டும் உண்மை என்று எழுதியிருந்தார். நிலைமை மாறியிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை என்றும் இருந்தது. அங்கிள் அந்தச் சாவிப் பத்தியை எங்கள் சமையலறை மேஜையில் வைத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை தமிழில் சொல்லச் சொன்னார். நற்பெயர் என்ற சொல்லை நான் சொன்னதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ஆனாலும் கொஞ்ச காலம் அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. வேலிமேல் கீரைக்கட்டு வைப்பதும் நின்றுபோனது. நான் போய்க் கூப்பிட்டால், வேலை இருக்கிறது தங்கச்சி என்பார். முயல்களுக்கு எதிராக நிலத்தைச் சுற்றித் தனியாளாக வலை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை உங்கப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அவரோடு கம்பு நட ஆரம்பித்தார். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வந்தார்கள். அவ்வளவுதான்.

போன வருஷம் அங்கிள் மறுபடியும் விண்ணப்பித்தார். நன்றாகத் தெரிந்தவர் என்ற இடத்தில் என் பெயரையே கொடுத்திருந்தார். கொடுத்த பிறகுதான் சொன்னார். விசாரிக்க ஒரு அதிகாரி நம் வீட்டுக்கு வந்தார், வயதானவர், ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். இங்கே இப்படித்தான் வழக்கமாம். மனுப் போட்டவரைப் பார்ப்பதோடு முடியாது. கூட வாழ்பவர் இருந்தால், மனைவியோ கணவனோ, அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். மனுப் போட்டவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. அங்கிளுக்கு வீட்டில் யாருமில்லாததால் என்னிடம் நிறையவே கேட்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டது இது: "அவரிடம் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குச் சம்மதமா?"

காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். சம்மதம்தான் என்றேன். அவர் எங்கள் மேஜையில் சாப்பிட வருகிறவரை சம்மதம், வருவது நின்றால் நானே உங்களைக் கூப்பிடுவேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் வந்தது. அங்கிள் துப்பாக்கியை இன்னும் வாங்கவில்லை. ஏன் அண்ணா என்றால், வலை நல்லா நிக்குது லா, எதுக்கு வீண் சூசா என்கிறார். சூசா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் தொல்லை. அட்டை மட்டும் பர்ஸில் இருக்கிறது. அவர் வழக்காடியது அந்த ரைபிளுக்காக இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். அவருக்கும் இப்போது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கௌதம் நல்ல பையன். அவனுடைய நாட்டுச் சாசனத்தில் இருப்பது இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டையில்லை. அங்கே அந்த வரி எப்படி வந்தது, யாருக்குப் பயந்து எழுதினார்கள், நீதிமன்றத்தில் அதை எப்படியெல்லாம் வாதாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆசை. அடுத்த தடவை வரும்போது அவனை உட்காரவைத்துக் கேட்பேன், அவனும் சொல்வான். அவன் சொன்னதை நீ சொல்லிவிட்டாய். உன் வாயால் நீ உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஞாயிற்றுக்கிழமையே கவனித்தேன். நீ போய் வாழப்போகிற வீட்டுக்கு ஒரு அதிகாரி வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அவன் இல்லாத அறையில் உன்னை உட்காரவைத்து, உனக்குச் சம்மதமா என்று கேட்பாரா? கேட்கமாட்டார்கள் என்றுதான் நான் விசாரித்தவரையில் தெரிகிறது.

அதனால் நான் கேட்கிறேன், பாப்பா. உனக்குச் சம்மதமா? அவசரமில்லை. கௌதம் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து எனக்குப் போன் பண்ணு.

அம்மா